தாஆய் குள்ளர்கள் உண்மையில் இருந்தார்களா? சைசியாத் கதையும் சடங்கும்: விவாத இழை

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 9

தைவானின் சைசியாத் பழங்குடியினர், தங்கள் முன்னோருக்கு வேளாண்மையும் பாட்டும் கற்றுக்கொடுத்த தாஆய் என்னும் குள்ளர்களைப் பற்றிக் கதை சொல்கிறார்கள். இதுநாள்வரை அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கினார்கள். 2022இல், கிழக்குத் தைவானின் ஒரு குகையில் கிடைத்த குட்டையான பெண்ணின் எலும்புகளைப் பற்றிய ஆய்வு வெளிவந்துவிட்டது. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவிலோ குள்ள மனித இனமே கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. ஹவாயிலும் இதே மாதிரிக் கதை. ஆகவே இந்தத் தீவுகளின் குள்ளர் கதைகள் அனைத்தும் நடந்த வரலாறு என்று முடிவு கட்டலாம் என்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 9, இரவு

முடிவு கட்டுவதற்கு முன் கதையை முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும். கேள்வியில் அதன் நடுப்பகுதி விடுபட்டிருக்கிறது. கற்றுக்கொடுத்தவர்களை அந்த முன்னோர் என்ன செய்தார்கள் என்பதுதான் அந்த நடுப்பகுதி.

சைசியாத் மக்கள் இன்று ஏறத்தாழ 7,000 பேர். வடமேற்குத் தைவானில், சின்சு மாவட்டத்து ஊஃபெங் மலைப்பகுதியிலும் மியாவ்லி மாவட்டத்து நான்ஜுவாங் பகுதியிலும் பெரும்பாலும் வாழ்கிறார்கள். கதைப்படி, தாஆய்கள் ஆற்றின் அக்கரையில் ஒரு குகையில் குடியிருந்தார்கள். மூன்றடி உயரம்கூட இல்லாதவர்கள் என்றாலும் கைவலிமையும் மந்திர வலிமையும் உடையவர்கள். விதைப்பு, மருந்து, பாட்டு, ஆட்டம் என்று பலவற்றை அவர்களே கற்பித்தார்கள். அறுவடை முடிந்து விழா எடுக்கும்போதெல்லாம் அவர்களையும் அழைப்பது வழக்கமாக இருந்தது. வந்த விருந்தினர் ஆட்டத்தின்போது சைசியாத் பெண்களிடம் அத்துமீறினார்கள். பொறுத்துப் பார்த்த இளைஞர்கள் ஒருநாள் திட்டம் தீட்டினார்கள். வீடு திரும்பும் வழியில், ஆற்றுக்கு மேலே சாய்ந்து நின்ற லோகாட் என்ற ஒரு பழமரத்தில் ஏறி இளைப்பாறுவது தாஆய்களின் பழக்கம். அந்த மரத்தின் அடியைப் பாதிக்குமேல் வெட்டி, வெட்டுவாய் தெரியாதபடி சேற்றைப் பூசி வைத்தார்கள். மரம் முறிந்தது. அத்தனை பேரும் வெள்ளத்தில் விழுந்து மாண்டார்கள்.

தப்பியவர்கள் இரண்டு முதியவர்கள். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. ஜூ என்ற குடியினருக்கு, மாண்டவர்களின் ஆவிகளை அழைத்து விருந்திடும் சடங்கின் பாடல்களையும் முறைகளையும் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிழக்கு நோக்கிக் கிளம்பினார்கள். போகும்போது மலைப்பனை ஓலை ஒன்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, கீற்றுக்கு ஒரு சாபமாக, காட்டுப்பன்றி உங்கள் பயிரை அழிக்கட்டும், குருவி தின்னட்டும், பூச்சி அரிக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்களாம். மலைப்பனை ஓலை இன்றும் பிளந்து பிளந்து இருப்பதற்கு அதுவே காரணம் என்பார்கள்.

சொந்த முன்னோர் செய்த கொலையை, கொல்லப்பட்டவர்கள் கற்பித்த பாட்டிலேயே பாடி, அவர்களையே விருந்துக்கு அழைக்கிறது ஒரு சமூகம். எலும்பு கிடைத்ததா இல்லையா என்பதைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

ஜனவரி 10

எலும்பைத் தட்டிக்கழிக்கிறேன் என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். தட்டிக்கழிக்கவில்லை. கேள்வியில் வரும் குகையின் பெயர் சியாவ்மா. அங்கே கிடைத்தது ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணின் எலும்பு. மண்டையோட்டின் அளவும் அமைப்பும் பிலிப்பைன்ஸின் குட்டையான பழங்குடியினரான நெக்ரிட்டோ மக்களை ஒத்திருப்பதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இன்றைய தைவான் பழங்குடிகளின் மொழிக்குடும்பமான ஆஸ்திரோனேசிய மொழி பேசியோர் வந்து சேர்வதற்கு முன்பே தைவானில் வேறு மக்கள் இருந்தார்கள் என்பதற்கு அது வலுவான சான்று.

ஆனால் சியாவ்மா இருப்பது தீவின் தென்கிழக்குக் கரையில். சைசியாத் நிலம் இருப்பது வடமேற்கில். நடுவே மூவாயிரம் மீட்டருக்கும் மேலான சிகரங்களை வரிசையாகக் கொண்ட மலைத்தொடர் நிற்கிறது. அங்கே குட்டையான ஒரு பெண் வாழ்ந்தார் என்பதிலிருந்து இங்கே லோகாட் மரம் வெட்டப்பட்டது என்பதற்குத் தாவ முடியாது. குட்டையான மக்கள் இருந்திருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

ஜனவரி 12

சடங்கைப் பற்றித் தனியே எழுதும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் சின்சுவில் ஆய்வாளனாக இருந்த காலத்தில், 2018 நவம்பரில், ஊஃபெங்கில் தாஆய்களுக்காக நடந்த பஸ்தாஆய் சடங்கிற்குப் போயிருந்தேன். சின்சுவின் பல்கலைக்கழகங்களில் நம்மவர் ஏராளம் என்றாலும், மணிக்கணக்கில் மலைப்பாதையில் வளைந்து போய்க் குளிரில் விடியவிடிய நிற்கச் சம்மதித்தவர்கள் மிகக் குறைவு.

சடங்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சீனச் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது பெருஞ்சடங்கு. வடக்கே ஊஃபெங்கிலும் தெற்கே நான்ஜுவாங்கின் சியாங்தியன் ஏரிக்கரையிலுமாக இரண்டு களங்கள் உண்டு. தெற்கில் ஒருநாள் முன்னதாகத் தொடங்கிவிடும். தாஆய் ஆவிகளை அழைப்பது, அவர்களுக்கு விருந்திட்டு மகிழ்விப்பது, வழியனுப்புவது என்று சடங்கு மூன்று கட்டமாக நகரும்.

களத்தின் நுழைவிலேயே ஒரு மூதாட்டி என்னை நிறுத்தி, மேல்கையில் நாணல்போன்ற ஒரு புல்லின் தாளைச் சுற்றி முடிச்சிட்டார். அதன் விளிம்பு அரம்போல் இருக்கும். சட்டைக் கையை ஏற்றிவிட்டிருந்த என் தோலில் மெல்லிய சிவப்புக் கோடு விழுந்துவிட்டது. பிறகு என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் இன்னொரு தாளைக் கிள்ளி அதன் பட்டையிலும் கட்டினார். வெளியே நின்ற வண்டிகளின் கண்ணாடிகளிலும், வீட்டுக் கதவுகளிலும், ஒலிபெருக்கிக் கம்பங்களிலும் அதே புல் கட்டப்பட்டிருந்தது. புல் கட்டாத ஆளையும் பொருளையும் தாஆய்கள் சும்மா விடமாட்டார்கள் என்பது நம்பிக்கை. ஆட்டத்தின் நடுவே யாராவது மயங்கி விழுந்தால், பெரியவர்கள் அதே புல்லைக் கொண்டுதான் அவரை மீட்பார்கள்.

ஆட்டம் மிக மெதுவானது. கைகளைக் குறுக்காகக் கோத்த நீண்ட வரிசை, சுருளாக உள்ளே மடங்கி மீண்டும் அவிழும். முதுகுப்புறத்தில், இடுப்புக்குக் கீழே தொங்குமாறு சிலர் ஒரு மணிக்கோவை அணிந்திருப்பார்கள். மேலே கண்ணாடிச் சில்லுகளும் பாசிமணிகளும் தைத்த துணி, அதன் கீழே வரிசையாக மூங்கில் குழல்களும் உலோகக் குழல்களும் இருக்கும். சிலவற்றில் பழைய தோட்டா உறைகளும் உண்டு. அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அது சலசலக்கும். அந்த ஒலிதான் தாளம். தனியாக மேளம் கிடையாது. நள்ளிரவில் ஒரு குறிப்பிட்ட பாட்டு வந்ததும் ஆட்டம் அப்படியே நின்றது. எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். ஜூ குடியின் பெரியவர் ஒரு மர உரலின்மேல் ஏறி நின்று அறிவுரை சொல்லத் தொடங்கினார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் ஏச்சு விழுகிறது என்பது புரிந்தது.

ஜனவரி 12, சற்றுப் பின்னர்

கைப்பேசிக்குப் புல் கட்டினார்களா என்று கேட்டவருக்கு: கட்டியவர்களைக் கண்டேன். மின்னூட்டம் தீர்வதை அது தடுக்கவில்லை.

ஜனவரி 17

ஃபுளோரஸ் விஷயத்திற்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வி கேட்டவர் தம் கட்சிக்கு மிகவும் நம்பியிருப்பது அதைத்தான்.

நடு ஃபுளோரஸில் வாழும் நாகே மக்கள் எபு கோகோ என்ற குள்ளர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். உடம்பெல்லாம் மயிர், பெருவயிறு, எதைக் கொடுத்தாலும் தின்னும் பசி. சோறு வைத்துக் கொடுத்தால் பாத்திரத்தையும் சேர்த்துத் தின்றுவிடுவார்களாம். பயிரைத் திருடினார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள் என்று ஊர் கொதித்தது. உடுத்திக்கொள்ளுங்கள் என்று பனைநாரைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தார்கள். எபு கோகோக்கள் அதைக் குகைக்குள் கொண்டுபோய்க் குவித்துக்கொண்டதும், ஊரார் தீப்பந்தத்தை எறிந்து எல்லோரையும் எரித்துவிட்டார்கள். ஓர் ஆணும் பெண்ணும் காட்டுக்குள் தப்பியதாகச் சிலர் சொல்வதுண்டு.

2003இல் லியாங் புவா குகையில் ஒரு மீட்டர் உயரமே உள்ள மனித இனத்தின் எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டபோது, இதோ எபு கோகோ என்று உலகமே துள்ளியது. முதலில் அந்த எலும்புகளுக்குச் சொல்லப்பட்ட வயது ஏறத்தாழ 18,000 ஆண்டுகள். அந்தக் கணக்கில்கூட வாய்மொழி நினைவு அத்தனை காலம் தாங்குமா என்பது கேள்விதான். 2016இல் படிவுகளை மறுபடி ஆராய்ந்து, எலும்புகள் குறைந்தது 60,000 ஆண்டுகள் பழையவை, கருவிகள்கூட 50,000 ஆண்டுகளுக்கு இப்பால் இல்லை என்று திருத்தினார்கள். நாகே மக்களைப் போன்ற ஆஸ்திரோனேசிய மொழியினர் அந்தத் தீவுகளை எட்டி நான்காயிரம் ஆண்டுக்கும் குறைவுதான் ஆகிறது. போதாக்குறைக்கு, லியாங் புவா இருப்பது தீவின் மேற்கே, மங்காரை மக்களின் நிலத்தில். ஆகவே எபு கோகோ கதையை அந்த எலும்போடு முடிச்சுப் போடுவது செய்தித்தாளுக்கு ஆகும், விவாதத்திற்கு ஆகாது.

தாஆய் கதைக்கும் எபு கோகோ கதைக்கும் சட்டகம் ஒன்றே. அக்கம்பக்கத்துக் குள்ளர், அத்துமீறல், வஞ்சகமாகக் கூண்டோடு கொலை, தப்பிய இருவர். ஆயினும் நாகே கதையில் தீ வைத்ததோடு கணக்கு முடிந்தது. தொல்லை தீர்ந்தது, அவ்வளவுதான். எபு கோகோவின் ஆவிக்கு நாகே மக்கள் சோறு படைத்து ஆடுவதில்லை. எபு கோகோக்கள் எதையும் கற்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் தின்றார்கள், திருடினார்கள். தாஆய்களோ விதைக்கவும் பாடவும் கற்றுக்கொடுத்தார்கள். கொன்றபின் அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சைசியாத் மக்களின் சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஜனவரி 18

ஹவாயைப் பற்றிச் சுருக்கமாக. காவாயி தீவில், மெனெஹூனே என்ற குட்டை மனிதர்கள் ஒரே இரவில் மீன்குளத்தின் மதிலையும் நீர்க்காலையும் கட்டினார்கள், விடிந்தால் வேலையைப் போட்டது போட்டபடி ஓடிவிடுவார்கள் என்பது கதை. வைமேயாவில் செதுக்கிய கற்களால் ஆன நீர்க்கால் இன்றும் இருக்கிறது. அதைக் கட்டியதற்குக் கூலியாக ஆளுக்கு ஓர் இறால் கொடுத்தார்களாம். கூலி பைசல். அங்கே கொலையும் இல்லை, சாபமும் இல்லை, சடங்கும் இல்லை. மூன்று கதைகளையும் 'குள்ளர்' என்ற ஒரே தலைப்பில் அடுக்கினால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஜனவரி 21

ஒரு வாசகரின் மறுப்பு கூர்மையானது. "நீங்கள் இதைக் குற்றவுணர்ச்சி என்று உயர்த்திப் பேசுகிறீர்கள். கதையிலேயே பயிர் பொய்த்ததால்தான் சடங்கு தொடங்கியது என்று இருக்கிறது. இது வெறும் பயம்" என்கிறார்.

பயம் இருக்கிறது. புல் கட்டுவது வேறெதற்கு? ஆனால் இரவெல்லாம் நடந்ததை அவர் விட்டுவிட்டார், நானும் 12ஆம் தேதிக் குறிப்பில் கடைசிக் காலையைச் சொல்லாமல் நிறுத்தியிருந்தேன். வழியனுப்பும் கட்டத்தில், வெட்டிக் கொண்டுவந்த ஒரு மரத்தண்டை உயரத்தில் கிடத்தி, அதில் புல் முடிச்சுகளைத் தொங்கவிடுகிறார்கள். இளைஞர்கள் கீழிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் எம்பிக் குதித்து முடிச்சுகளைப் பறிக்கிறார்கள். பிறகு தண்டையே இழுத்து வீழ்த்தி, மிதித்து முறித்து, துண்டுகளைக் கிழக்கே வீசுகிறார்கள். அன்று ஆற்றங்கரையில் வெட்டிய மரமே இது என்று விளக்குவோர் உண்டு. அப்படியானால் விருந்துக்கு அழைத்து, உண்ணவும் ஆடவும் வைத்து, கடைசியில் மறுபடியும் மரத்தை வீழ்த்துகிறார்கள். மன்னிப்புக் கேட்கும் சடங்கு என்று மட்டும் பார்த்தால் இந்தக் காட்சி இடிக்கிறது. பயம் என்று மட்டும் பார்த்தால், மூன்று இரவுகள் தூங்காமல் பாடும் பாட்டின் பணிவு இடிக்கிறது. கடன்பட்டவன் கடன் கொடுத்தவனை வரவேற்கும் விதம் இது. வாசலில் மரியாதை, உள்ளே நடுக்கம், எப்போது கிளம்புவார் என்ற ஏக்கம். இப்படிச் சொல்வதை அந்த வாசகர் ஏற்பாரோ தெரியாது. எனக்கு இதைவிடப் பொருத்தமாகத் தோன்றவில்லை.

பிப்ரவரி 2

இன்னொரு கோணத்தை யாரும் தொடவில்லை. குள்ளர்களை அழித்த வலியவர்கள் என்று கதையில் வரும் சைசியாத் மக்கள், வரலாற்றில் எப்போதும் எண்ணிக்கையில் சிறியவர்களாகவே இருந்திருக்கிறார்கள். ஒருபக்கம் மலையில் அத்தாயல் மக்கள். அவர்களைப் பார்த்து முகத்தில் பச்சை குத்தும் வழக்கமே சைசியாத்துக்குள் வந்தது. மறுபக்கம் சமவெளியிலிருந்து ஏறிவந்த ஹக்கா என்ற சீனக் குடியேறிகள். இருவருக்கும் நடுவில் கற்பூரமரக் காடுகள். அவற்றின்மேல் கண் வைத்துதான் ஜப்பானிய ஆட்சியும் உள்ளே நுழைந்தது. 1902இல் நான்ஜுவாங்கில், சைசியாத் தலைவர் ரி அகுவாய் தலைமையில் எழுந்த கிளர்ச்சிக்குக் கற்பூரக் காட்டின் உரிமையே காரணம். அது அடக்கப்பட்டது.

ஆண்டுதோறும் நடந்த பஸ்தாஆயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று குறைத்ததும் ஜப்பானியர் காலத்தில்தான். நிலத்தை இழந்துகொண்டிருந்த ஒரு சிறு சமூகம், அந்த நெருக்கடியிலும் விடாமல் பாடிக்கொண்டிருந்தது தான் இன்னொருவரின் உயிரைப் பறித்த கதையை. தாம் அடிபட்ட கதையைப் பாடும் சமூகங்கள் எங்கும் உண்டு. தாம் அடித்த கதையை இத்தனை செலவு செய்து, இத்தனை முறையோடு பாடுகிற சமூகம் வேறொன்றை நான் அறிந்ததில்லை, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பிப்ரவரி 3

மேலே எழுதியதற்குத் தொடர்ச்சியாக ஒரு பொருத்தம் நினைவுக்கு வந்தது. 2016 ஆகஸ்டு 1 அன்று, தைவான் அதிபர் சாய் இங்-வென் பழங்குடி மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அதே 2016இன் இறுதியில்தான் பத்தாண்டுப் பெருஞ்சடங்கும் நடந்தது. மன்னிப்பின் உரையைவிட அதன்பின் நிலம் திரும்பியதா என்பதில்தான் பழங்குடி அமைப்புகள் கண்ணாக இருந்தன. மன்னிப்பு ஒருமுறை கேட்டால் தீர்ந்துவிடும் என்ற எண்ணம் ஊஃபெங்கில் எடுபடாது. அங்கே தவணை ஈராண்டுக்கு ஒன்று, பத்தாண்டுக்கு ஒருமுறை பெருந்தவணை.

பிப்ரவரி 14

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார். "குள்ளர் கதை பெரும்பாலான தைவான் பழங்குடிகளிடம் இருக்கிறது. ஒரே கதை இத்தனை பேரிடம் இருந்தால் அது உண்மையாகத்தானே இருக்கும்?" என்கிறார்.

இருப்பது உண்மை. பூனுன், பைவான், ருக்காய் மக்களிடமும் குள்ளர் கதைகள் உண்டு. ஆனால் அவர்கள் அனைவரும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. ஓரிடத்தில் போர், ஓரிடத்தில் உறவு, ஓரிடத்தில் பழைய கல்வீடுகளைக் கட்டியவர்கள் என்ற பேச்சு. பொதுவான ஒரு பழைய நினைவு எங்கோ அடியில் இருக்கலாம். அண்டை ஊரிடம் கேட்டுக்கொண்ட கதையாகவும் இருக்கலாம். இந்த இடத்தில் நான் அவரோடு பாதிவழி வருகிறேன். சியாவ்மா ஆய்வுக்குப் பிறகு, குள்ளர் என்பதே கற்பனை என்று அடித்துப் பேசுவது எளிதல்ல. ஆனால் சடங்கு பிறந்தது சைசியாத்திடம் மட்டும்தான். அதற்கு விடை எந்த எலும்பிலும் கிடைக்காது, ஜூ குடியிடம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 6

பாடல்களைப் பற்றிக் கேட்டிருந்தவருக்குத் தாமதமான பதில்.

பஸ்தாஆய் பாடல்கள் ஒரு தொகுதி. ஒவ்வொரு பாட்டின் அடிகளும் ஏதோவொரு செடி அல்லது மரத்தின் பெயரைக் கொண்டு இயைபு பெற்று முடிகின்றன. சொற்கள் பழையவை, இன்றைய பேச்சிலிருந்து விலகியவை. பாடுகிறவர்களிலேயே எல்லோருக்கும் எல்லா அடிகளும் விளங்குவதில்லை. அதைவிடப் பெரிய தடை வேறு. சடங்குக் காலத்திற்கு வெளியே அவற்றைப் பாடக்கூடாது. வடக்குக் களத்துப் பெரியவர்களும் தெற்குக் களத்துப் பெரியவர்களும் கூடி நாள் குறித்த பிறகுதான் ஒத்திகையே தொடங்கும். ஆகவே ஒரு சிறுவன் இந்தப் பாட்டைக் கற்க ஈராண்டுக்கு ஒருமுறை சில வாரங்கள்தான் கிடைக்கின்றன. முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கும்போது இது எவ்வளவு குறுகிய வாசல் என்று நினைத்துப் பாருங்கள். தடையைத் தளர்த்திப் பள்ளியில் ஆண்டு முழுவதும் கற்பிக்கலாம் என்று யோசனை சொல்வது நமக்கு எளிது. முறை தவறிப் பாடினால் வரவேண்டாத நேரத்தில் தாஆய் வந்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்களுக்கு அது யோசனையாகவே தோன்றாது.

இணையத்தில் பதிவுகள் கிடைக்கின்றனவே, கேட்கலாமா என்கிறீர்கள். பொதுமக்கள் முன்னால் நடக்கும் இரவு ஆட்டங்களின் பதிவுகள் நிறையவே உள்ளன. கேட்பதைத் தடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை. அழைப்பு மணியாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

மார்ச் 7

2026இன் பிற்பகுதியில் பத்தாண்டுப் பெருஞ்சடங்கு வருகிறது. அப்போது மட்டுமே வெளியே எடுக்கப்படும் பெருங்கொடியைக் காணலாம். போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். தங்குமிடம் ஊஃபெங்கில் மிகக் குறைவு, சின்சு நகரில் தங்கி வண்டி பிடிப்பதே நடைமுறை. இரவில் நன்றாகக் குளிரும். ஆடும் வரிசையில் வெளியார் சேரலாமா என்பதை ஒலிபெருக்கியில் சொல்வார்கள், சொல்லும்வரை ஓரமாக நில்லுங்கள். வரிசைக்கு நடுவே புகுந்து கையை அவிழ்க்கக் கூடாது, சேருவதானால் கடைசியில் சேருங்கள். முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள், புல் அறுக்கும்.